கடலை மிட்டாய் லைனுக்கு நாலரை லட்சத்துல சாஃப்ட்வேர் வேணுமா?

கேள்வி: அண்ணாச்சி, கோவில்பட்டி பக்கம் சின்னதா கடலை மிட்டாய் கம்பெனி வச்சிருக்கேன், ஆளு பன்னெண்டு பேரு. பாகு காய்ச்ச ரெண்டு கொப்பரை, வெட்டுற மேசை, கடைசில கவர் போடுற மெஷின் ஒண்ணு. மெஷின் முன்னால சில நேரம் தட்டு குமிஞ்சு கெடக்கு, சில நேரம் ஈ ஓட்டிக்கிட்டு நிக்காவ. மெஷின் வித்தவரு இன்னொண்ணு போடுங்கன்னு சொல்லுதாரு, சந்தேகம்னா லைன் பூராவையும் கம்ப்யூட்டர்லயே ஓட்டிக் காட்டுற சிமுலேஷன் சாஃப்ட்வேர் இருக்கு, வருஷத்துக்கு நாலரை லட்சம்னு அதையும் தலையில கட்டப் பாக்காரு. ஒரு கொப்பரை 10 கிலோ, இறங்க 25 நிமிஷம், மிட்டாய் ஒண்ணு 20 கிராம், மெஷின் நிமிஷத்துக்கு 60 போடும். வாங்கலாமா?

பதில்: தம்பி, ரெண்டுமே வேண்டாம்.

உங்க கணக்கையே எடுத்துக்கிடுவோம். கொப்பரைக்கு 500 துண்டு, ரெண்டும் சேந்து 25 நிமிஷத்துக்கு 1000, அதாவது நிமிஷத்துக்கு 40 தான். ரெண்டையும் ஒண்ணா அடுப்புல ஏத்தி ஒண்ணா இறக்குவீங்க போல, அதான் 1000 துண்டும் மொத்தமா வந்து விழுது, மெஷின் அத 17 நிமிஷத்துல முடிச்சிட்டு மிச்சம் 8 நிமிஷம் சும்மா நிக்கி. இன்னொரு மெஷின் போட்டா எட்டரை நிமிஷத்துல முடிச்சிட்டு ரெண்டு மெஷினும் சேந்து சும்மா நிக்கும், மிட்டாய் ஒண்ணுகூட கூடாது, ஏன்னா மட்டுப்படுத்துறது கொப்பரை. ஒரு கொப்பரைய 12 நிமிஷம் தள்ளி ஏத்திப் பாருங்க, குமியல் பாதியாயிரும், பைசா செலவில்ல.

அதுக்காக சிமுலேஷன் வெத்து வேலைன்னு சொல்ல வரல. ஐப்பசி மழைல வெல்லம் ஈரமாயி பதம் வர 35 நிமிஷம் இழுக்கும், கவர் ரோல் அந்து போகும், ஒரு ஆளு வரமாட்டாவ, இதெல்லாம் ஒண்ணா சேரும்போது தாள்ல கணக்குப் போட முடியாது, அங்கதான் அது ஒதவும். சராசரிய மட்டும் வச்சு ஓட்டினா எல்லாம் சரியாத்தான் தெரியும், அந்த டீலர் காட்டுன பொம்மைப் படமும் அப்பிடித்தான் இருந்திருக்கும். வரத்தும் வேலை நேரமும் தாறுமாறா இருக்கிற ஒத்தை மெஷின்ல, 80 சதவீத நேரம் வேலை இருந்தா ஒரு துண்டு சராசரியா தன் வேலை நேரத்தப் போல 4 மடங்கு வரிசைல காத்திருக்கும், 90 ஆனா 9 மடங்கு. பத்து சதவீதந்தான் ஏறுச்சு, காத்திருப்பு ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு பாருங்க.

செஞ்சு பாக்கணும்னா காசில்லாமயே செய்யலாம். ஜாம்சிம்னு (JaamSim) ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேர், ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் ஓசியா எடுத்துக்கிடலாம், கம்பெனிக்கும் பயன்படுத்தலாம், கொப்பரை, வரிசை, மெஷின்னு இழுத்துப் போட்டு கோர்க்கலாம். பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிஞ்ச புள்ளைக வீட்ல இருந்தா, அதுல சிமுலேஷன் எழுத ஓசியா கெடைக்கிற சிம்பை (SimPy) போதும். மொதல்ல ஒரு வாரம் ஸ்டாப் வாட்ச் வச்சு ஒவ்வொரு கொப்பரையும் எத்தனை நிமிஷம், மெஷின் எப்ப நின்னுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு நோட்டுல எழுதுங்க, சோம்பேறித்தனப்பட்டு குத்துமதிப்பா போட்டா ஒண்ணும் வராது. அத உள்ள குடுத்து ஓட்டினா நேத்து நெசமா எத்தனை பெட்டி போச்சோ கிட்டத்தட்ட அதே வரணும், வரலன்னா கம்ப்யூட்டர்ல போட்ட லைன், அதான் மாடல், தப்பு, மேல எதையும் நம்பாதீங்க. ஒரே தடவை ஓட்டி முடிவெடுக்கவும் கூடாது, 20, 30 நாளு மாதிரி மாத்தி மாத்தி ஓட்டணும். காலைல லைன் காலியாத்தானே தொடங்குது, அந்த மொத அரை மணியையும் சேத்தே எண்ணுங்க, அதுவும் உங்க நாள்தான்.

நாளைக்கு பெருசாயி எதாவது வாங்குனாலும், உங்க நம்பர போட்டு உங்க கம்ப்யூட்டர்லயே ஓட்டிக் காட்டுன பெறகு பணம் குடுங்க, சந்தா முடிஞ்சா உங்க மாடல் ஃபைல் தொறக்குமான்னு எழுதி வாங்கிக்கிடுங்க. பின்னால ஏமாந்தா நுகர்வோர் கோர்ட்ட நம்ப முடியாது, ஏன்னா 2019 நுகர்வோர் சட்டத்துல வணிக நோக்கத்துக்கு வாங்குனவங்க நுகர்வோர் இல்ல. சுயதொழில்ல பொழப்புக்குன்னு வாங்குனா வெலக்கு உண்டு, ஆனா பன்னெண்டு ஆளு வச்சு நடத்துற உங்கள அதுல சேக்க எதிர்த்தரப்பு வக்கீல் லேசுல விடமாட்டாரு.

கேள்வி: மக பாளையங்கோட்டைல மெக்கானிக்கல் படிக்கா அண்ணாச்சி. அவ லேப்டாப்ல எனிலாஜிக்னு ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேரோட படிக்கிற வெர்ஷன் இருக்காம், அதுல நம்ம லைன ஓட்டிப் பாக்கலாமா?

பதில்: கூடாது தம்பி. அது தனியா படிக்கிறதுக்கு மட்டும் ஓசியா குடுக்குறது, கம்பெனி வேலைக்கு லைசென்ஸ் எடம் குடுக்காது. அவ படிப்பு வேலைய அதுல பாக்கட்டும், மிட்டாய்க்கு ஜாம்சிம்ல போட்டுத் தரச் சொல்லுங்க. நோட்டும் ஸ்டாப் வாட்சும் மட்டும் நீங்களே புடிங்க, அத அவ தலையில கட்டாதீங்க.