பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு. நேத்து காலைல சட்டை பட்டன் போட்டுட்டு இருந்தவருக்கு திடீர்னு வலது கை வழங்கல, பட்டன் நழுவிட்டே இருந்துச்சு, என்னப்பான்னு கேட்டா பேச்சும் குழறுச்சு. பத்து நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. ராத்திரி தூக்கம் பத்தல, அதான்ங்கறார். டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறார். விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. பத்திரிகைல பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கற விஷயமே இல்ல இது, அதனால உங்களுக்கு உடனே போன்ல சொல்லியாச்சு, மத்தவங்களுக்காகத்தான் இங்க எழுதறேன்.

மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல சின்னதா ஒரு ரத்தக்கட்டி அடைச்சு, தானா கரைஞ்சிருக்கலாம். டாக்டருங்க டிஐஏம்பாங்க, நாம மினி ஸ்ட்ரோக்னு சொல்றது இதைத்தான். அடைப்பு போயிடுச்சு சரி, ஆனா அந்தக் கட்டி எங்கேர்ந்து கிளம்புச்சு? கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கலாம், இல்ல இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கலாம், அதெல்லாம் அப்படியேதான் இருக்கு, அடுத்த கட்டி வந்து அது கரையாம நின்னுடுச்சுன்னா அதான் முழு பக்கவாதம். அந்த ஆபத்து முதல் 48 மணி நேரத்துலதான் ரொம்ப ஜாஸ்தி.

இதுல பெரிய தொல்லை என்னன்னா பெரும்பாலும் வலிக்காது. நெஞ்சு வலிச்சா ஓடறோம், வாய் கோணினா கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிடும்னு விட்டுடறோம். சந்தேகமா இருந்தா சிரிக்கச் சொல்லுங்க, கண்ணை மூடி ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க, ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்க. வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு கை மட்டும் கீழ இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸ்தான். திடீர்னு ஒரு கண் தெரியலன்னாலும், இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தாலும் அதே கதைதான்.

ஸ்கேன் வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. கட்டியைக் கரைக்கற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதனால கடைசியா எப்ப நல்லா இருந்தார்னு மணி பார்த்து வெச்சுக்குங்க. தூங்கி எழுந்திரிக்கும்போதே இப்படின்னா, தூங்கப் போன நேரத்தைச் சொல்லணும். ஆஸ்பிரினை நீங்களா குடுக்காதீங்க, அடைப்பா ரத்தக்கசிவான்னு ஸ்கேன் பார்க்காம யாருக்கும் தெரியாது. தண்ணிகூட வேணாம், முழுங்க முடியாம புரையேறிடும்.

அப்பா இன்னும் தூக்கம்தான் காரணம்னு சொன்னார்னா இதைக் கேளுங்க: தூக்கம் பத்தலன்னா ரெண்டு கையுமேதானே சோர்ந்து போகணும், வலது கை மட்டும் எப்படிப்பா வழங்காம போச்சு?