யாருமே மறுக்கவில்லையா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணக்குப் பயத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வு. அம்மா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில், அவர் உதவியோடு ஒரே மதியத்தில் 140 பேரிடம் கேள்வித்தாள் வாங்கிவிட்டேன், யாருமே மறுக்கவில்லை. ஆனால் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று காட்டும் எண்) 0.48தான் வருகிறது, தொடர்பும் இல்லை. மே மாதம் சமர்ப்பிக்க வேண்டும். எந்தக் கேள்விகளை நீக்கினால் சரியாகும்?
- வாசகி, மதுரை

பதில்: மகளே, கணக்கு டீச்சர் வகுப்பில் நிற்கும்போது எந்தப் பிள்ளை எழுந்து மாட்டேன் என்று சொல்லும்? 'கணக்கு என்றாலே எனக்குப் பயம்' என்ற வரிக்கு எதிரே எங்கே டிக் அடிக்கும்? டீச்சர் மனம் நோகக் கூடாதென்று 'இல்லவே இல்லை' என்பதில்தான். எல்லோரும் அங்கேயே குவிந்தால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் சுருங்கினால் ஆல்ஃபாவும் விழும், தொடர்பும் விழும். கேள்விகளை வெட்டி, வழக்கமாகப் போதும் என்று கொள்ளும் 0.70க்கு ஏற்றிவிடலாம், அப்போதும் உன் கையில் இருப்பது உன் அம்மா முன்னால் பிள்ளைகள் காட்டிய மரியாதையின் அளவுதான்.

'கணக்கு எனக்குப் பயமில்லை' என்பதுபோல் எதிர்த்திசையில் கேட்கும் வரிகளுக்கு மதிப்பைத் திருப்பிப் போட்டாயா (4 என்றால் 1, 3 என்றால் 2) என்று பார். அதை மறந்தாலும் ஆல்ஃபா இப்படிச் சரியும். ஆனால் அது சரியானாலும் இந்தத் தாள்கள் உதவாது.

பெற்றோர் சம்மதம் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் பெற்றோரின் கையெழுத்தையும், 12 வயது தாண்டிய பிள்ளையின் எழுத்துமூல இசைவையும் கேட்கின்றன. பெற்றவரைக் கேட்காமல் பிள்ளையின் மனதைத் துருவ யாருக்கும் உரிமையில்லை. உன் அம்மா உன்மேல் வைத்த பாசத்தில் செய்தார். வகுப்பில் அவர் 140 வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். அந்தப் பொறுப்பை மகளுக்காக வளைக்கச் சொன்னது நீ.

கைடிடம் நடந்ததை நடந்தபடி சொல். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போ. ஒரு பக்கத்தில், தமிழில், சம்மதப் படிவம் ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்குப் போகட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டு. தேர்வு வாரத்தைத் தவிர். ஆசிரியர் வெளியே இருக்க வேண்டும். 'விருப்பமில்லை என்றால் வெற்றுத் தாளைக் கொடுக்கலாம்' என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல். எல்லோரும் உறையில் போட்டு ஒட்டித் தரட்டும். 0.3 அளவுத் தொடர்பு உண்மையில் இருந்தால், அதை 80% வாய்ப்போடு பிடிக்க 85 பேர் போதும். மறுப்பவர்களையும் எண்ணிக் கூடுதலாகப் படிவம் கொடு. மே தள்ளிப்போகும். போகட்டும்.

இன்னொன்று. மதிப்பெண்ணோடு ஒப்பிட்டிருக்கிறாய் என்றால் அந்தத் தாள்களில் பெயரோ வரிசை எண்ணோ இருக்கிறது. அவை உன் வீட்டில் இருந்தால் அம்மா கண்ணில் படும் முன் இன்றே எடுத்துப் போய்க் கைடிடம் ஒப்படை.