ஹிக்கின்ஸ் ஏன் இப்போது வேகமாக ஓடுகிறான்? அட்வெஞ்சர் ஐலண்ட் கேள்வி பதில்

குன்னூரில் பழைய டிவி, டிவி கேம் செட் எல்லாம் பழுது பார்ப்பவன் நான். கருப்புத் திரையும் ‘கேம் ஓவர்’ எழுத்துமாக நம்மில் பலரைத் தூங்கவிடாமல் செய்த அட்வெஞ்சர் ஐலண்டை மறுபடி ஆடிப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 1986இல் ஜப்பானில் ஹட்சன் சாஃப்ட் வெளியிட்ட ஆட்டம். அதில் நாம் ஓட்டும் ஆள்தான் ஹிக்கின்ஸ். எட்டு ஏரியா, ஏரியாவுக்கு நான்கு ரவுண்டு, மொத்தம் 32. இரண்டு வேண்டுகோள்: ரோம் (கேசட்டில் இருக்கும் ஆட்டத்தின் கணினி நகல்) எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள்.

வெலிங்டனிலிருந்து: அண்ணா, ஸ்கூல் படிக்கும்போது ஐந்தாவது ஏரியா வரை சாதாரணமாகப் போவேன். இப்போது லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய செட்டைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு ஆடினால் இரண்டாவது ஏரியாவிலேயே லைஃப் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. கை போய்விட்டதா?

உங்கள் கை போகவில்லை. ஆட்டம்தான் வேகமாகிவிட்டது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி படம் நொடிக்கு 60 முறை மாறும். அந்த முறைக்குப் பெயர் என்டிஎஸ்சி. நம் ஊர் டிவி பால் முறை, நொடிக்கு 50. நாம் வாங்கிய செட்கள் ஜப்பான் கம்பெனியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் செட்டைப் பார்த்துச் செய்த நகல்கள். நம் டிவியில் படம் வர வேண்டுமே என்று அவற்றை 50க்கு மாற்றித்தான் விற்றார்கள். ஆனால் கேசட்டுக்குள் இருந்த ஆட்டத்தை யாரும் திருத்தவில்லை. ‘ஒரு படம் மாறினால் ஹிக்கின்ஸ் இவ்வளவு நகர வேண்டும்’ என்பதுதான் அதன் கணக்கு. படம் மாறுவது குறைந்ததால் ஹிக்கின்ஸ், நத்தை, உருண்டு வரும் பாறை எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவானது. அங்கே 3 நிமிடத்தில் முடிகிற ஓட்டம் நம் வீட்டில் 3 நிமிடம் 36 நொடி.

எமுலேட்டர் வழக்கமாக 60இல்தான் ஓடும். நீங்கள் பழகியதைவிட 20 சதவீதம் வேகம். தவளை குதிப்பதைப் பார்த்துக் கை அசைக்க உங்களுக்கு இருந்த நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாட்டைக் கேட்டுப் பாருங்கள், ‘ஏன் இப்படி ஓடுகிறது’ என்று தோன்றும். சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் விரைவு.

இதற்கு வழி உண்டு. மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் ஆகிய எமுலேட்டர்களில் ரீஜன் என்ற இடத்தில் ‘டெண்டி’ என்று ஒன்று இருக்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் 1992இலிருந்து விற்ற நகல் செட். நம் செட்டின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தேர்ந்தெடுங்கள். ‘பால்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது ஐரோப்பாவில் விற்ற அசல் நின்டெண்டோவின் கணக்கு, நம்முடையது அல்ல.

இன்னொன்று, டிவி. பழைய டப்பா டிவியில் பட்டனை அழுத்திய உடனே படத்தில் தெரியும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். சிலவற்றில் இந்தத் தாமதம் 100 மில்லிசெகண்டையும் தாண்டும். அதற்குள் ஆட்டத்தில் ஆறு படம் போய்விடும், பாறை உங்கள் மேல் ஏறிவிடும். செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ போட்டுவிட்டு ஆடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: முட்டையை உடைத்தால் தலையில் கத்தரிக்காய் வந்து உட்கார்ந்துகொண்டு சக்தியை எல்லாம் உறிஞ்சுகிறது. என்ன செய்வது?

அது போகும் வரை பழம் பழமாகத் தின்றுகொண்டே ஓடுவதுதான். ஆனால் அடுத்த முறை அந்த முட்டையைத் தொடாதீர்கள். இந்த ஆட்டத்தில் எதுவும் தற்செயல் கிடையாது. எந்த முட்டையில் கோடாரி, எதில் ஸ்கேட்போர்டு, எதில் கத்தரிக்காய், எந்த இடத்தைத் தாண்டினால் பழம் தோன்றும், எல்லாம் ஒவ்வொரு முறையும் அப்படியே. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அருவங்காட்டிலிருந்து: சார், நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஜப்பான் கரன்ட் 60. அதனால்தானே இந்த வித்தியாசம்? எங்கள் பக்கம் மழைக் காலத்தில் வோல்டேஜ் இறங்கும்போது ஆட்டம் இன்னும் மெதுவாகும், நானே பார்த்திருக்கிறேன்.

இல்லை. அடாப்டர் கரன்டை டிசியாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு 50, 60 என்ற பேச்சே இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது செட்டுக்குள் துடிப்பு தரும் கிரிஸ்டலும் சிப்பும். ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. இரண்டு ஊரிலும் ஆட்டம் ஒரே வேகம்தான், ஏனென்றால் டிவி முறை ஒன்று. வோல்டேஜ் இறங்கினால் படம் மங்கும், இல்லையென்றால் செட் நின்றுவிடும், மெதுவாக ஓடாது.

அடாப்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று எதையாவது எடுத்துச் சொருகாதீர்கள். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று செட்டின் அடியிலும் அடாப்டரிலும் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். மாற்றிச் சொருகிய செட்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

கூடலூரிலிருந்து: பெட்டியில் இருந்த கேசட்டை எடுத்துப் போட்டேன். கட்டம் கட்டமாக வருகிறது. ஊதி ஊதிப் பார்த்துவிட்டேன்.

ஊதியதால்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். அதில் வாயின் ஈரத்தையும் சேர்த்தால் காண்டாக்ட் கறுக்காமல் என்ன செய்யும்? ஊதிய பிறகு சில நேரம் வேலை செய்வது, கேசட்டை எடுத்து மறுபடி சொருகியதால். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு அந்த 60 பின்னையும் துடையுங்கள். கறுப்பு போகவில்லை என்றால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, மறுபடி ஆல்கஹால். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடிய டப்பாவில் வைத்தால் அடுத்த மழைக்குத் தாங்கும்.

ஊட்டியிலிருந்து: உங்கள் முதல் பதிலைப் படித்தேன். அப்படியென்றால் நாம் ஜெயித்ததெல்லாம் செல்லாதே! செய்தவர்கள் 60க்குத்தான் செய்தார்கள். 50இல் முடித்தவர் முடித்ததாகவே சொல்லக் கூடாது.

நன்றாக இருக்கிறதே. எதெல்லாம் மெதுவானது என்று கவனியுங்கள். சக்திக் கோடு குறைவதும் அதே விகிதத்தில் மெதுவாகத்தான். பள்ளத்தின் அகலம், குதிக்கும் உயரம், எதிரியின் இடம் எதுவும் மாறவில்லை. ஆட்டத்துக்குள் ஒரு சலுகையும் கிடையாது. நமக்குக் கூடுதலாகக் கிடைத்தது படத்துக்கு மூன்று சொச்சம் மில்லிசெகண்ட், கண்ணுக்கும் விரலுக்கும். அதற்குப் போய்ச் செல்லாது என்றால் எப்படி?

மறுபடி ஊட்டி: அந்த மூன்று மில்லிசெகண்டில்தானே சார் எல்லாம் இருக்கிறது? நீங்களே வெலிங்டன்காரருக்கு அதைத்தானே காரணம் சொன்னீர்கள்?

சொன்னேன், 50இல் பழகிய கை 60இல் தடுமாறும் என்று. 60இல் பழகியவருக்கு 60 கஷ்டமே இல்லை. அவர் நம் செட்டில் ஆடினால் அவசரப்பட்டு முன்னாலேயே குதித்துப் பள்ளத்தில் விழுவார்.

வேறொருவர், குன்னூர்: நான் 60இல் ஆடியவள்தான்! சித்தப்பா அமெரிக்காவிலிருந்து அசல் நின்டெண்டோ கொண்டு வந்தார். 110 வோல்ட் என்பதால் தனியாக டிரான்ஸ்ஃபார்மர். நம் டிவியில் படம் கறுப்பு வெள்ளை. பக்கத்து வீட்டில் ஆடினால் எல்லாம் தூங்கி வழிவது போலத் தோன்றும், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்மா. கறுப்பு வெள்ளை சரியான சாட்சி: செட் அனுப்பியது என்டிஎஸ்சி நிறம், டிவிக்குத் தெரிந்தது பால் நிறம் மட்டும். படத்தைப் பிடித்துக்கொண்டது, நிறத்தை விட்டுவிட்டது. அசலில் 72 பின், நம் கேசட்டில் 60. அதனால் தெருப் பிள்ளைகளிடம் கேசட் கடன் வாங்கவும் முடிந்திருக்காது. பக்கத்து வீட்டில் உங்கள் குதி தப்பியதா, இல்லையா?

அவரே: தப்பும். முன்னாலேயே குதித்துவிடுவேன்.

ஊட்டிக்காரர் கவனிக்கவும்.

ஊட்டி, மூன்றாம் முறை: ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்ய முடியாது. சாதனைப் பட்டியல் போடுகிறவர்கள் 50ஐயும் 60ஐயும் ஒன்றாகச் சேர்ப்பதில்லையே?

நேரக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். வேகமாக முடிப்பது ஒரு பந்தயம், முடிப்பது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அசல் எது என்றால் 60தான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ‘சின்ன வயசில் ஆடியதை மறுபடி ஆடுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு 60இல் உட்காருபவர் அதை ஆடவில்லை, பெயர் ஒன்றாக இருக்கும் வேறொன்றை ஆடுகிறார். முதலில் 50இல் கையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அப்புறம் 60க்குப் போங்கள், அது தனி ருசி. சண்டை தீரவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், டப்பா டிவி இருக்கிறது, இரண்டு செட்டையும் வைக்கிறேன்.

மஞ்சூரிலிருந்து: போனில் ஆடலாமா?

கண்ணாடியைத் தடவி இந்த ஆட்டத்தை ஆட முடியாது. கம்பி வைத்த கன்ட்ரோலர் ஒன்றை இணைத்தால் ஆடலாம்.

கோத்தகிரியிலிருந்து: காண்ட்ரா ஆட்டத்தில் 30 லைஃப் வாங்குவது எப்படி?

மேல் மேல் கீழ் கீழ், இடது வலது இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். இன்று அட்வெஞ்சர் ஐலண்ட் தம்பி.

குன்னூரிலிருந்து: வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யவில்லை.

செய்யாது. டப்பா டிவி வேண்டும்.

ஊட்டியிலிருந்து (வேறொருவர்): இது செகா கம்பெனியின் வொண்டர் பாயைத் திருடிச் செய்தது என்கிறார்களே?

திருட்டு இல்லை. வொண்டர் பாய் 1986இல் வந்த, கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டம். செய்தது எஸ்கேப் என்ற சிறு நிறுவனம், பின்னாளில் வெஸ்டோன் ஆனது. வெளியிட்டது செகா. ஆட்டத்தின் உரிமை செய்தவர்களிடம், பெயரும் பாத்திரங்களும் செகாவிடம். அதனால் ஹட்சன் ஆட்டத்தை முறைப்படி வாங்கி, ஆளை மட்டும் மாற்றியது. யாரைப் போட்டது தெரியுமா? தன் சொந்த விளம்பர ஆளை. தகாஹாஷி மெய்ஜின் என்று ஜப்பான் பிள்ளைகள் கொண்டாடிய மனிதர், நொடிக்கு 16 முறை பட்டனைத் தட்டுவார் என்று புகழ். வெள்ளைத் தொப்பி போட்ட நம் ஹிக்கின்ஸ் அவர்தான். 1988இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெயரை மாற்றினார்கள். நாம் தானாகவே தட்டும் டர்போ பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அந்த மனிதர் விரலாலேயே செய்தார்.

வெலிங்டனிலிருந்து: டெண்டி போட்டேன் அண்ணா, மூன்றாவது ஏரியா போய்விட்டேன்! ஆனால் லைஃப் தீர்ந்தால் முதலிலிருந்தே வருகிறது. ஸ்டேட் சேவ் (நிற்கும் இடத்திலேயே ஆட்டத்தைச் சேமிப்பது) பண்ணினால் ஏமாற்றா?

முதலில் தேனீயை எடுங்கள். முதல் ஏரியா முதல் ரவுண்டின் கடைசியில், கோல் பலகைக்குச் சற்று முன்னால், கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒன்று இருக்கிறது. அங்கே குதித்தால் வெளிப்படும். அதற்குள் ஹட்சன் தேனீ. அதை எடுத்திருந்தால் ஆட்டம் முடிந்ததும் வலது பக்கத்தை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் தட்டுங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே போனது.

சேவ் விஷயம். இந்த ஆட்டத்தின் உண்மையான கொடுமை ஒரே அடியில் சாவது இல்லை, செத்தால் ஆயுதம் போய்விடுவது. வழியில் கடைசியாகத் தாண்டிய எண் பலகையில் வெறுங்கையோடு நிற்பீர்கள். பாறையை உடைக்கிற நெருப்பு உருண்டை இருக்காது, எதிரே வருவதெல்லாம் அதே கூட்டம். பத்தடிக்கு ஒரு சேவ் போடுகிறவர் இந்த வெறுங்கைப் பாடத்தைக் கற்கவே மாட்டார். பலகைக்கு ஒரு சேவ் போடுங்கள். அதுவும் வெறுங்கையோடு அந்தத் துண்டைப் பழகுவதற்காக. ஏமாற்றா இல்லையா என்பது உங்கள் பாடு.

அருவங்காட்டிலிருந்து: சார், எமுலேட்டரில் ஆட்டம் வேகமாக ஓடுகிறதே, ஏன்?

முதல் பதில்.

கூடலூரிலிருந்து: ஆல்கஹால் கிடைக்கவில்லை. லேசாக ஊதினால்?

லேசாகவும் வேண்டாம்.

குன்னூரிலிருந்து: ஸ்கேட்போர்டு எடுக்கலாமா, விட்டுவிடலாமா? எனக்கு அது எமன்.

இடத்தைப் பொறுத்தது. ஓர் அடி தாங்கும், அது லாபம். ஆனால் நிற்க முடியாது. நெருப்பும் பாறையும் மாறி மாறி வரும் காட்டு ரவுண்டில், இடம் மனப்பாடமாக இருந்தால் எடுங்கள். நகரும் மேடைகள் வரும் இடத்தில் மேடைக்காகக் காத்திருக்க வேண்டும், அங்கே ஸ்கேட்போர்டு நேராகப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளும். முட்டையை உடைத்துவிட்டீர்கள், ஸ்கேட்போர்டு என்று தெரிந்துவிட்டது என்றால் அதன் மேல் தாவிப் போய்விடுங்கள்.

மஞ்சூரிலிருந்து: ஏவி வயரை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டி வாங்கினேன். ஓடும்போது படம் சீப்பு சீப்பாகக் கிழிகிறது, தாமதமும் இருக்கிறது.

மலிவான பெட்டிகள் அப்படித்தான். செட் அனுப்பும் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டிரண்டாகக் கோர்க்கும். டிவியிலேயே மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நேராகச் சொருகி ‘கேம் மோட்’ போடுங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டுப் பரணில் ஒரு டப்பா டிவி நிச்சயம் கிடக்கும், கேளுங்கள். கொண்டு வரும்போது பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஷாக் இருக்கும்.