போத்தும் கதியாலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் போஸ்னிய அகதிப் பெண்கள் தொடங்கிவைத்த தோட்டத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தன்னார்வக் குழு ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் வீட்டுக்கு இரண்டு குரோ பேக், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு, ஐந்து வகைக் காய்கறி விதை என்று கொடுத்தது. வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துப் போனால் பாதிப் பைகள் காய்ந்து கிடந்தன. ஒரு வீட்டில் அதில் சுள்ளி விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. நாற்பது ஆண்டுகளாக முகாமில் இருப்பவர்களுக்கு வேண்டியது குடியுரிமை, நாங்கள் கொடுத்தது கீரை விதை. தோட்டம் போட்டால் அகதிகள் தலைநிமிர்வார்கள் என்பது, கொடுக்கிறவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானே?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் எரிச்சலில் முக்கால் பங்கு எனக்கும் உண்டு. மிச்சமிருக்கும் கால் பங்குக்காகத்தான் இந்தப் பதில்.

விதைப் பொட்டலத்தோடு போன பாவத்தை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமுக்கு நண்பர் ஒருவரோடு போனபோது வெறுங்கையோடு போகக் கூடாதென்று முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் விதைகளை வாங்கிப்போனேன். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் உண்மை. மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990-இல் படகேறி வந்த அம்மா ஒருவர் பொட்டலங்களை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அங்கே வைத்தால் அவை முளைக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அதிகாலையில் ஒரு மணி நேரம், வீட்டுக்கு எட்டுக் குடம். எட்டுக் குடத்தில் குடிக்க, சமைக்க, குளிக்க, பிறகு கேரட்டுக்கு ஊற்ற!

பிறகு அவர் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போனார். பத்துக்குப் பத்து அறை, அதற்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் கொஞ்சம் மண். அதில் சிமெண்டு மூட்டைச் சாக்கு ஒன்று, அதிலிருந்து ஒரு கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு ஏறியிருந்தது. ராசவள்ளிக் கிழங்கு என்றார். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாய்க்காலாக அந்தச் சாக்கைத் தொட்டுக்கொண்டு போகும்படி மண்ணை ஒதுக்கியிருந்தார். ஓரத்தில் நட்டிருந்த குச்சிகள் எல்லாம் தளிர்த்திருந்தன. முருங்கைப் போத்து நட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இது கதியால், தம்பி, என்றார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிளுவையையும் பூவரசையும் முருங்கையையும் கிளையாக வெட்டி நட்டு வேலி அடைப்பார்கள். ஒவ்வொரு குச்சியும் வேர் பிடிக்கும், வேலியே மரமாகிவிடும். நாம் போத்து என்பதை அவர்கள் கதியால் என்கிறார்கள். நம் போத்து மரத்துக்காக நடுவது. அவர்கள் கதியால் எல்லைக்காக நடுவது. இந்தப் பக்கம் என் வளவு என்று சொல்வதற்கு.

உங்கள் குரோ பேக்குகள் காய்ந்ததற்குச் சோம்பல் காரணமில்லை என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்தது. அந்த முகாமில் தோட்டம் ஏற்கெனவே இருந்திருக்கும். நீங்கள் வாசலில் நின்று படம் எடுத்தீர்கள், தோட்டம் பின்பக்கம் இருந்தது.

கெட்டிங்கன் கதையை நான் எழுதியபோது ஒன்றை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என் பிழை. 1995-இல் அங்கே அகதிகளுக்கான ஆலோசனை மையத்தில் போஸ்னியப் பெண்கள் கூடித் தேநீர் குடிப்பார்கள். கைவேலை செய்துகொண்டு, போர் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். உங்களுக்கு எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டபோது, எங்கள் தோட்டங்கள் என்றார்கள். யாரும் அவர்களுக்குத் தோட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள். எத்தியோப்பியாவிலிருந்து வந்து அந்நகரில் வாழ்ந்த வேளாண் பொறியாளர் டசெவ் ஷிமெலெஸ் போன்றவர்கள் உடன் நின்றார்கள். 1996-இல் முதல் நிலம், 1998-இல் முறையான சங்கம். பல நாட்டவர் ஒரே நிலத்தில் ஆளுக்கொரு பாத்தி வைத்துக்கொண்டார்கள். பாத்தி ஓரத்தில் பேசுவதற்குப் பொதுவான மொழி வேண்டியிருந்ததால் ஜெர்மன் படித்தார்கள். மொழி படித்தால்தான் நீ ஒன்றிப்போவாய் என்று வகுப்பில் உட்காரவைத்து மிரட்டுவதைவிட இது எனக்கு மரியாதையாகப் படுகிறது. இன்று ஜெர்மனி முழுக்க இத்தகைய தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இனி உங்கள் கடிதத்தின் முள் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். போஸ்னியப் போரின்போது ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்த காகிதத்தின் பெயர் டுல்டுங். தமிழில் சொன்னால் ‘பொறுத்துக்கொள்கிறோம்’. உரிமையல்ல, அனுமதிகூட இல்லை, இப்போதைக்கு வெளியேற்றவில்லை என்ற சகிப்பு. அந்தப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கை 1995 இறுதியில் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே திருப்பி அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பெண்கள் முதல் பாத்தி போட்ட அதே 1996. தோட்டம் யாருக்கும் விசா வாங்கித் தரவில்லை. ஆகவே தோட்டம் குடியுரிமைக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. அதில் நமக்குள் வாதமே இல்லை.

நம் ஊரிலும் அப்படித்தான். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டது, இலங்கை அதில் இல்லை. 2021-இல் தமிழக அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது, பணக்கொடையைக் கூட்டியது, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இவை நல்ல காரியங்கள், கேலி செய்ய மாட்டேன். ஆனால் முகாமில் பிறந்து முகாமிலேயே கல்யாணம் முடித்தவருக்கு இன்னும் நாடு இல்லை.

அப்படியானால் கீரை எதற்கு? வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஈராக்கின் வடக்கே டுஹோக் அருகில் டோமிஸ் முகாம். 2012 முதல் சிரியக் குர்துகள் வாழ்வது. லெமன் ட்ரீ டிரஸ்ட் என்ற அமைப்பு அங்கே தோட்டப் போட்டி நடத்தியது. அந்தத் தோட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டு 2018-இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் ஒரு தோட்டம் அமைத்தார்கள், பரிசும் கிடைத்தது. செல்சியில் சீமாட்டிகள் பார்த்து வியந்ததில் எனக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது போட்டி என்ற யோசனை. போட்டி வைக்க வேண்டுமென்றால் போட்டியிடுவதற்குத் தோட்டம் முன்பே இருக்க வேண்டுமே! வந்தவர்கள் முதலில் இருந்ததைப் பார்த்தார்கள்.

ஜோர்டானின் சாத்தரி முகாமில் வேறு கதை. பாலைவனம், தண்ணீர் அளந்துதான் வரும். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகாமில் குவிந்து கிடந்த பழைய மெத்தைகளின் நுரைப்பஞ்சில், மண்ணே இல்லாமல், சத்துநீர் ஊற்றிச் செடி வளர்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்களில் பலர் தெற்குச் சிரியாவின் டராவிலிருந்து வந்த விவசாயிகள். பரம்பரையாகத் தக்காளி போட்டவனுக்குப் புதிதாகத் தேவைப்பட்டது நுட்பம் மட்டும்தான். செடியோடு பழகும் கை அவனிடமே இருந்தது.

வலிமையூட்டல் என்று ஒரு சொல் எல்லா அறிக்கைகளிலும் வருகிறதே, அதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அகதி என்றால் வரிசையில் நிற்பவர். அரிசிக்கு வரிசை, கணக்கெடுப்புக்கு வரிசை, கையெழுத்துக்கு வரிசை. எல்லா இடத்திலும் அவர் கேட்கிறவர், எதிரில் இருப்பவர் தெரிந்தவர். தோட்டத்தில் மட்டும் அது தலைகீழாகிறது. தெரிந்தவர் அவர், கேட்கிறவர் நாம். அந்த அம்மா என்னைத் திருத்திய அந்த ஒரு நிமிடம், கதியால் என்று சொல்லிச் சிரித்த நிமிடம், அவர் அகதியாக இல்லை. குரோ பேக் கொடுத்தபோது நீங்கள் அந்த ஒரு இடத்திலும் அகதியை வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். நானும்தான்.

வலிமை அங்கேயே நின்றுவிடவும் தேவையில்லை. அமெரிக்காவின் சான்டியகோவில் சிட்டி ஹைட்ஸ் பகுதியில் அகதிகளாக வந்த சோமாலி பாண்டு மக்கள், சோமாலியாவின் ஜூபா நதிக்கரை விவசாயிகள், நிலம் கேட்டு நின்றார்கள். தரிசாகக் கிடந்த இடத்தில் பயிர் வைக்க நகராட்சி அனுமதி வாங்கவே பல்லாயிரம் டாலர் செலவானது. 2009-இல் தோட்டம் வந்தது. பிறகு அந்த இழுபறியையே காரணமாகக் காட்டி வாதாடியதில், நகரம் சமூகத் தோட்டங்களுக்கான விதியைத் தளர்த்தியது. வெண்டைக்காய் போட இடம் கேட்டவர்கள் நகரத்தின் விதிப் புத்தகத்தைத் திருத்தவைத்தார்கள். குடியுரிமைக் கோரிக்கைக்கும் பாத்திக்கும் நடுவில் நீங்கள் நினைப்பதைப் போல அவ்வளவு பெரிய சுவர் இல்லை. முதலில் எட்டுக் குடத்தைப் பத்தாக்கக் கேட்கப் பழகிய பெண்கள் கலெக்டர் அலுவலகத்தில் வேறு மனுவும் கொடுப்பார்கள்.

மரம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முகாம் நடத்தும் அதிகாரிகள் பல இடங்களில் கீரைக்குத் தடை சொல்வதில்லை, மரம் என்றால் முகம் சுளிப்பார்கள். கீரை இருபது நாள். மாமரம் வைத்தவன் காய்க்கும்வரை இருப்பேன் என்கிறான். கதியால் விஷயத்தில் மட்டும் அதிகாரி ஏமாந்துபோகிறார். அவர் கண்ணுக்கு அது வெறும் வேலிக்குச்சி.

உங்கள் குழு மறுபடி போவதாக இருந்தால் பைகளை எடுத்துக்கொள்ளாமல் போங்கள். குழாய் எத்தனை மணிக்கு வருகிறது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, பொதுக் குழாயடியில் கால் சென்ட் இடம் கிடைக்குமா, அதை அவர்களே பிரித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பத்து பேருக்கு இடம் கிடைத்து, எழுத்தில் மூன்று ஆண்டுக்கு உறுதியும் கிடைத்தால் அதற்குமேல் உங்கள் வேலை கடப்பாரை வாங்கித் தருவதோடு முடிந்தது.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா ராசவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டை, முளைக்கண் இருக்கும் பக்கமாகப் பார்த்து வெட்டி, தாளில் சுற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தில் ஏறியது. தை மாதம் தோண்டினால் முயல்குட்டி அளவுக்கு ஒரு கிழங்கு, வெட்டினால் உள்ளே நாவல்பழ நிறம். தேங்காய்ப்பால் விட்டு, சர்க்கரை போட்டுக் கூழாகக் காய்ச்ச வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். என் மனைவி சாம்பாரில் போட்டுவிட்டார். சாம்பார் ஊதா நிறத்தில் இருந்தது. இதை அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.