கைபேசியில் ஒரு திருக்கல்யாணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியது முதல் சென்னையில் அடுக்ககத்தில் அடைந்து கிடக்கிறேன். அலுவலக வேலை மடிக்கணினியில் நடந்துவிடுகிறது, ஆனால் உண்பதும் உறங்குவதும் வேளைகெட்டுப் போய்விட்டன. மே 4 அன்று மதுரையில் என் அம்மா, மீனாட்சி திருக்கல்யாணத்தை அப்பாவின் கைபேசியில் நேரலையாகப் பார்த்தபடியே பட்டுப்புடவை உடுத்தித் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். “கைபேசிக்கு முன்னால் என்னம்மா பக்தி?” என்று சிரித்துவிட்டேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. கோயிலே மூடிக்கிடக்கும்போது நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? பின்பற்றத்தக்க தினசரி அட்டவணை ஒன்று சொல்ல முடியுமா? உறவினர்களுடன் காணொளியில் பேசிப் பேசியும் சலித்துவிட்டது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால்தான் எழுதுகிறேன். அட்டவணையை என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு ஓர் அலாரக் கடிகாரமும் கொஞ்சம் வெட்கமும் போதும்.

முதலில் உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். மதுரையில் பிறந்த நீங்கள் திருக்கல்யாணத்தை ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்களா? ஆடி வீதிப் பந்தலுக்குள் இடம் கிடைப்பவர்கள் எத்தனை பேர்? சித்திரை வீதிகளில் நிற்கும் பெண்கள் பெரிய திரைகளைப் பார்த்தும், ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கேட்டும்தான் எத்தனையோ ஆண்டுகளாகக் கயிறு மாற்றி வருகிறார்கள். வர முடியாதவர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து அதே நேரத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு பக்தர்கள் இல்லாமல் ஒருசில சிவாச்சாரியார்களே திருமணத்தை நடத்தினார்கள், அழகர் மலையை விட்டு இறங்கவே இல்லை. இத்தனை மாறிய பிறகும் மாறாமல் மிஞ்சியது அந்த முகூர்த்த வேளை ஒன்றுதான், அதைத்தான் உங்கள் அம்மா பிடித்துக்கொண்டார். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

நம்பிக்கை என்பது மனத்துக்குள் ஊறும் ஓர் உணர்ச்சி, கோயில் கதவு அடைத்தால் அது வற்றிவிடும் என்று உங்கள் தலைமுறைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எனக்கும், என்னைத் தொடர்ந்து தம்பிக்கும் அம்மை போட்டது. வாசலில் வேப்பங்கொத்து செருகியாயிற்று என்றால் தெரு முழுவதற்கும் செய்தி போய்விடும், யாரும் படியேற மாட்டார்கள், நாங்களும் இறங்க மாட்டோம். அப்பத்தாதான் வீட்டை நடத்தினாள். தாளிப்பு கிடையாது, துணி வெளுக்கப் போடுவது கிடையாது, ஊருக்குப் போகும் பேச்சே கிடையாது. விடியலில் வாசல் தெளித்துக் கொத்தை மாற்றுவாள், முற்றத்து வெயிலில் அண்டாவை வைத்து மஞ்சளும் வேப்பிலையும் போடுவாள், உச்சிப்பொழுதுக்கு முன் கூழ் கரைத்துக் கொடுப்பாள். பொழுது சாய்ந்ததும் அத்தை மாரியம்மன் தாலாட்டை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று தலைக்கு ஊற்றி முடியும்வரை இதில் எதுவும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அப்பத்தா பக்தியில் உருகி நான் பார்த்ததே இல்லை. “இன்னும் போக மனசு வரலையா ஒனக்கு?” என்று ஆத்தாளிடம் சண்டைக்கு நிற்பாள். நம்பிக்கை இருக்கிறதா என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால், அண்டாவில் விழும் வெயிலை மறைத்து நிற்காதே, நகர் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பழைய வழக்கம் எல்லாம் விஞ்ஞானம் என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் இந்தப் பத்தியை வெட்டிப் பகிர வேண்டாம். வேப்பிலை கொரோனாவைத் தடுக்காது. அம்மை வந்தால் மருத்துவரிடம் போகக் கூடாது என்ற பிடிவாதத்தால் இறந்த குழந்தைகளும் உண்டு. போன மாதம் வாசலில் வேப்பிலை கட்டி, தெருவெல்லாம் மஞ்சள் நீர் தெளித்துவிட்டு, ஏப்ரல் 25 அன்று, மறுநாள் முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் கடைகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காய்கறி வாங்கினோம். கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பத்தா கொத்தைச் செருகியது படியேறாதே என்பதற்காக. நாம் கொத்தை வைத்துக்கொண்டு அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டோம்.

காணொளிச் சலிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பேச ஒன்றும் இல்லாதபோது பேசினால் சலிக்கத்தான் செய்யும். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் வந்து உட்கார்ந்து பேசவில்லை. மாமா சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில் தீர்த்தத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே “இறங்கிருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார். எதிர்வீட்டிலிருந்து இளநீர் வரும். உறவு என்றால் அந்த வேலைகள்தான், அவற்றில் பேச்சு மிகக் குறைவு.

அழகர் வரும் வழியெங்கும் மண்டகப்படிகள் உண்டு, நீர்மோரும் பானகமும் உண்டு, சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு முறை இருந்திருக்கும். இந்த ஆண்டு அந்தப் பணம் செலவாகாமல் அப்படியே கிடக்கிறது. ஆனால் அதை நம்பியிருந்த பூக்காரரும், முடி இறக்குபவரும், சித்திரை வைகாசிக் கல்யாணங்களில் வாசித்து ஆண்டு முழுவதும் சாப்பிடும் நாகசுரக்காரரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்று அம்மாவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதை இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். அவர்களில் சிலருக்கு வங்கிக் கணக்கு இருக்காது. தெருவில் யார் மூலம் கொடுக்கலாம் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.