கிரியேட்டினின் 1.6: அம்மாவின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு வயது 58. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தமும் உண்டு. சென்ற ஆண்டு கிரியேட்டினின் 1.3, இப்போது 1.6. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். வீக்கமோ வேறு தொந்தரவோ இல்லை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். 'கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்கிறார் மாமா. 'இனி டயாலிசிஸ்தான்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். களியை நிறுத்திவிடலாமா? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாமா?

பதில்: இருவர் சொன்னதையும் ஒதுக்கிவிடுங்கள். அம்மாவின் வயதையும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உள்ள அளவையும் வைத்துக் கணக்கிட்டால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சென்ற ஆண்டு ஏறக்குறைய 48, இப்போது 37. ஆய்வக அறிக்கையில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று வருவது இந்த எண்தான். இளவயதில், நல்ல நிலையில் உள்ள சிறுநீரகத்துக்கு இது 90க்கு மேல் இருக்கும். 60க்குக் கீழே இறங்கி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15க்குக் கீழே ஐந்தாம் நிலை. அம்மா மூன்றாம் நிலையின் கீழ்ப்பாதியில் இருக்கிறார்.

கிரியேட்டினின் பலரையும் ஏமாற்றிவிடும் எண். வடிகட்டும் திறன் பாதியாகும்போது அது இரண்டு மடங்காகும். அதனால் 1லிருந்து 2க்கு வருவதற்குள் பாதிச் சிறுநீரகம் போயிருக்கும். 5லிருந்து 6க்குப் போகும்போது இழப்பது அதைவிட மிகக் குறைவு. ஆனால் 6ஐப் பார்த்துத்தான் குடும்பமே பதறுகிறது. 1.6ஐ மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 5 புள்ளிக்கு மேல் குறைந்தாலே வேகமான சரிவு. அம்மாவுக்கு 11 குறைந்திருக்கிறது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதில் ஆறுதல் அடையாதீர்கள். வீக்கம், குமட்டல், மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

இந்தச் சரிவில் ஒரு பகுதி மீளக்கூடியதாகவும் இருக்கலாம். என் முதல் சந்தேகம் அந்த மூட்டுவலி மாத்திரையின் மேல்தான். நோயாளிகளின் மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். கத்தரிக்கோலால் நாலு நாலாக வெட்டிய பட்டைகள் விழும். மருந்தின் பெயர் இருந்த ஓரம் கடையிலேயே தங்கியிருக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. இரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். நாட்டு மருந்துப் பொடி ஏதாவது எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நேரடியாக அழிக்கும்.

அந்த மூட்டுவலி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். அது எலும்பிலும் மூட்டிலும் படிந்து வலியைத் தரும். உடலில் சேரும் ஃபுளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் ஃபுளோரைடு இன்னும் அதிகமாக உடலில் தங்கும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் சிறுநீரகம், சிறுநீரகத்தால் மேலும் வலி என்று இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ள நம் ஊரில் வாய்ப்பு அதிகம். எல்லா மூட்டுவலியும் ஃபுளோரைடால் வருவதல்ல. ஆனாலும் வீட்டில் குடிப்பது போர் தண்ணீரா, 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீரா என்று உறுதி செய்யுங்கள். போர் தண்ணீர் என்றால் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றி இன்னும் செறிவாகும்.

தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகிவிடும் என்பது தவறு. தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் காட்டு வேலை செய்யும் நாளில் கூடுதலாகக் குடிக்கட்டும்.

களியை நிறுத்த வேண்டாம். கேழ்வரகில் உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதி உடலில் சேராமலே போய்விடும். சர்க்கரைக்காக உருண்டையின் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். கண்டிக்க வேண்டியவை பக்கத்தில் வைக்கும் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும்தான். நாளுக்கு உப்பு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். மாம்பழம், இளநீர், கீரை ஆகியவற்றை இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம். அது கூடுதலாக இருந்தால் கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டுச் சமையுங்கள், இளநீர் வேண்டாம்.

இனி மருந்து. புரதம் ஒழுகுவதைக் குறைக்க 'பிரில்', 'சார்டன்' என்று பெயர் முடியும் இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று வேண்டும். அழுத்தம் 130/80க்குக் கீழே நிற்க வேண்டும். தொடங்கியதும் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறலாம். அதைக் கண்டு பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 2 முதல் 4 வாரங்களில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மீண்டும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மருந்தாக வந்து, இன்று சரிவைத் தணிக்கும் முக்கிய மருந்தாகிவிட்டது. காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். வாந்தி, பேதி உள்ள நாட்களில் இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். உடனே மருத்துவரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தால், வடிகட்டும் திறன் 45க்குக் கீழே போகும்போது அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே கூடாது.

சர்க்கரை தானாகவே இறங்கி, மாத்திரையே தேவைப்படாததுபோல் ஒரு காலம் வரலாம். நோய் குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குவதால் வரும் இறக்கம் அது. அப்போது தாழ்சர்க்கரை மயக்கம் வரக்கூடும்.

டயாலிசிஸ் வருமா? மூன்றாம் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதுவரை போவதில்லை. அவர்களுக்கு இதய நோய்தான் பெரிய ஆபத்து. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தருவதும் அதற்காகத்தான். புரதம் அதிகமாக ஒழுகுபவர்களுக்கே சரிவு வேகம். திறன் 30க்குக் கீழே வந்தால் எழுதாத கையின் இரத்தக் குழாய்களில் ஊசி போடாமல் காக்க வேண்டும்; பின்னாளில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை அங்கேதான் செய்வார்கள். பழுத்த ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் பூனையின் முதுகைத் தொட்டதுபோல் ஒரு அதிர்வு தெரியும். அது பழுக்கவே பல வாரங்கள் ஆகும். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் அடங்கும். குடும்பத்துக்கு அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வலி மாத்திரையை நிறுத்திய 2 வாரம் கழித்து கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டும் சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை எடுங்கள். கண் மருத்துவரிடம் விழித்திரையையும் காட்டுங்கள். அந்த விகிதமும் புதிய கிரியேட்டினினும் கையில் வந்ததும் எழுதுங்கள். 11 புள்ளியில் எத்தனை திரும்பியது என்று பார்த்துச் சொல்கிறேன்.