சின்னம்மை ஒரு தடவை, சளி மட்டும் ஏன் பல தடவை?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். போன வருடம் சின்னம்மை வந்தது. இனி வராது என்கிறார்கள். சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எதிர்ப்புச் சக்தி குறைவா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் வரும். எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறுகின்றன, சளி விட்டதும் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறான் என்றால் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஏன் திரும்ப வருகிறது என்பது நல்ல கேள்வி. தோலையும் மூக்கின் சளிப்படலத்தையும் தாண்டி ஒரு வைரஸ் உள்ளே வந்துவிட்டால், சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு அங்கே கூடிவிடும். இன்ன கிருமி என்று பெயர் விசாரிக்காமலே தாக்கும். தொண்டை சிவப்பது, மூக்கடைப்பது, உடம்பு வலிப்பது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சண்டையால்தான். காய்ச்சலும் அப்படித்தான். அந்த அணுக்கள் சுரக்கும் வேதிப்பொருட்களின் தூண்டுதலால் மூளையே உடல் வெப்பத்தை ஏற்றுகிறது.

அப்புறம் வருவது நிதானமான வேலை. சில செல்கள் கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். குழந்தையின் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அது இந்தக் கணு வீங்குவதுதான். அந்தத் துணுக்கோடு கச்சிதமாகப் பொருந்தும் டி செல்களும் பி செல்களும் (இவையும் வெள்ளை அணுக்களின் வகைகள்தான்) உடலில் மிகச் சிலவே இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துப் பெருக்க, முதல் தடவை ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். டி செல்களில் ஒரு வகை, வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும். பி செல்கள், கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்கும் புரதமான எதிர்ப்பொருள் சுரக்க வழிசெய்யும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துபோகும். கொஞ்சம் மட்டும் நினைவு செல்களாகத் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் பதிலடி வேகமாகக் கிடைக்கும்.

இந்த நினைவு எவ்வளவு நீளம் தெரியுமா? வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. மறுபடி 1846-இல் வந்தபோது, பீட்டர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர் அங்கே போய்க் கவனித்தார். முதல் தடவை தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களை அது தொடவேயில்லை. இடையில் 65 வருடங்கள்!

ஆனால் இந்த நினைவு அந்தந்தக் கிருமிக்கு மட்டும்தான். தட்டம்மை, சின்னம்மை வைரஸ்கள் அதிகம் மாறாதவை. சளியை உண்டாக்கும் வைரஸ்களோ 200-க்கும் மேல். அவற்றில் ரைனோவைரஸ் மட்டுமே 160-க்கும் அதிகமான வகைகள். உங்கள் மகனுக்கு ஒவ்வொரு மாதமும் வருவது பெரும்பாலும் வேறு வேறு வைரஸ். அவன் உடல் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறது. வயது ஏற ஏறச் சளி குறைவது இதனால்தான்.

டானிக் வேண்டாம். துத்தநாகமோ வைட்டமினோ குறைவாக இருப்பது உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். குறையில்லாத குழந்தைக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி சும்மா கூடிக்கொண்டே போவதும் நல்லதல்ல. ஒவ்வாமையும் முதல் வகை நீரிழிவும் அது தேவையில்லாத இடத்தில் பாய்வதால் வருபவை. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக்கும் உதவாது.

தடுப்பூசி அட்டையை மட்டும் எடுத்துப் பாருங்கள். நோயின் ஆபத்து இல்லாமல் நினைவு செல்களை உண்டாக்கித் தருவது தடுப்பூசி. குறிப்பாகத் தட்டம்மை ஊசி விடுபட்டிருந்தால் உடனே போடுங்கள். அந்த வைரஸ் பழைய நினைவு செல்களையே அழிக்கும். தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட குழந்தைகள், மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்திருந்த எதிர்ப்பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்ததை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, அடிக்கடி ஆழமான சீழ்க்கட்டி, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை, குடும்பத்தில் யாருக்காவது பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.